வெண்புறா வீட்டு மருமகள்

வெண்புறா சைக்கிள் கம்பெனி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட வித்யாலட்சுமிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று, "ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்ட ரத்தினம்மாளிடம், "நல்லாவே தெரியும் ஆன்ட்டி" என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

இப்போது கம்பெனியின் வரலாறு புத்தகமாக வரப்போகிறது.

"குடும்பத்துல ஒவ்வொருத்தர் போட்டோவும் போடறோம். ஞாயித்துக்கிழமை பீன்யாவில இருக்கற நம்ம ஃபாக்டரியில உன்னைச் சைக்கிளோட எடுக்கறாங்க" என்றார் மாமியார் ரத்தினம்மாள்.

ஹால் சுவரில் தாத்தா, மாமனார், கணவன் என்று எல்லாரும் ஆளுக்கொரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கம்பீரமாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று வித்யா விரல்விட்டு எண்ணினாள்.

அந்த வாரம் முழுக்க வாக்கிங் என்று சொல்லிவிட்டு, ஜீவனஹள்ளியில் தோழியின் சைக்கிளில் பழகினாள். முழங்கால் இரண்டும் சிராய்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை, போட்டோகிராபர் கேமராவைச் சரிசெய்வதற்குள் ஏறி மிதித்தாள். ஃபாக்டரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மணியடித்து இறங்கினாள்.

யாரும் கைதட்டவில்லை. மாமனார் திறந்த வாயை மூடவில்லை.

மாமியார் அவளை ஓரமாக இழுத்துப் போனார்.

"ஏம்மா, அன்னிக்கு ஓட்டத் தெரியும்னு சொன்னியே, நெஜமாவா சொன்னே?"

"ஆமா அத்தை. ஏன்?"

"நம்ம வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். பிடிச்சுக்கிட்டு நிக்கத்தான் தெரியும்."

தன் கணவர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ரத்தினம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் காலையில வாக்கிங் போறோம்னு மாமாகிட்ட சொல்லிட்டு வர்றேன். எனக்கும் கத்துக் குடு."