வெள்ளையடிக்காத மொட்டைமாடி

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஓர் ஊரில், ஒரு மாடிவீட்டு மின்விசிறிக்குச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போனது. "அண்ணே, இன்னொரு கோடையை என் மோட்டார் காயில் தாங்காது, கருகிடும். கொஞ்சம் சூட்டைக் குறைங்களேன்" என்று மேலே இருந்த மொட்டைமாடியைக் கெஞ்சியது.

"நானா காய்ச்சுறேன்? தலையில கொட்டுற வெயிலை உன் பக்கம் தள்ளுறேன். என் முதுகுல ரெண்டு கோட்டு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு, அடங்கிடுறேன்."

அன்று மாலையே அந்தப் பேச்சு வந்தது. விசிறி சத்தத்தை அடக்கிக்கொண்டு கேட்டது.

"கரண்ட் பில் குறையப்போறது உங்களுக்கு. நான் எதுக்குங்க செலவு பண்ணணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"வீடு உங்களுது சார். நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா, மாடியைச் சுருட்டி எடுத்துட்டா போவேன்?" என்றாள் குடியிருந்த மரகதம்.

சுண்ணாம்பு கடையிலேயே இருந்தது. சித்திரையில் விசிறி கருகியது. மரகதம் தவணையில் ஏசி வாங்கி மாட்டினாள். போகும்போது அதையாவது கழற்றிக்கொண்டு போகலாமே!

வந்த வாரமே ஏசிக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, மேல யாரு இப்படி அடுப்பு மூட்டுறது?"

"யாருமில்லடா தம்பி" என்றது அசையாத விசிறி. "ரெண்டு பேருமே நியாயமாத்தான் பேசினாங்க."