அட்டிகைக்கு இன்னொரு வளையம்

செண்பகவல்லியின் தொண்டையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கிளம்பியது. தடவிப் பார்த்த டாக்டர், "தைராய்டு கட்டி முக்காவாசி ஒண்ணும் செய்யாது. ஆனா இது கல்லு மாதிரி இருக்கு, ஊசி குத்தி டெஸ்ட் எடுத்துடணும்" என்றார். "ஊசி குத்தினா அடுத்து ஆபரேஷன்தான். கழுத்துல தழும்போட இருக்கிறவள எவன் கட்டுவான்? முதல்ல தாலி ஏறட்டும்" என்றாள் அம்மா. பெண் பார்க்க வந்த அன்று அட்டிகை கட்டியை மறைத்தது. நிச்சயதார்த்தத்தில் அது கழுத்தை இறுக்கியது. அப்பா ஆசாரியிடம் கொடுத்து ஒரு வளையம் சேர்த்து வாங்கிவந்தார். கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு வளையம். அவள் குரல் கம்மிப்போனதை மாப்பிள்ளை வீட்டார் வெட்கம் என்று ரசித்தார்கள். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். மற்றதைப் போட அவனுடைய அக்கா பின்னாலிருந்து குனிந்தாள். மாலையை ஒதுக்கிய அவள் விரல்கள் காதுக்குக் கீழே, அட்டிகை எட்டாத இடத்தில், நின்றுவிட்டன. தோலுக்கடியில் பட்டாணி கோத்ததுபோல் வரிசையாக உருண்டைகள். "எப்பயிருந்து இது?" என்று காதோரம் கேட்டாள். "வலிக்கவே இல்ல மதினி" என்றாள் செண்பகவல்லி. பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது. அட்சதை விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் கயிறு அந்த விரல்களிலேயே கிடந்தது. எதிரே நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இறுக்கிப் போடுங்கம்மா" என்றாள்.