கறுத்த ஈறு

ரமாட்டா வாயைத் திறக்க மாட்டேன் என்றாள்.

செனகல் நாட்டு மாத்தாமில், கல்யாணத்துக்கு முன் பெண்ணின் ஈறில் கறுப்பாகப் பச்சை குத்துவது வழக்கம். ரமாட்டாவின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முற்றத்தில் பாய் விரித்து, சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பச்சை குத்தும் பெந்தா கரியைக் குழைத்து, ஊசிக்கட்டோடு காத்திருந்தாள். அவள் மடியில் ரமாட்டா தலை வைத்துப் படுக்க வேண்டும். மேல் ஈறு முழுக்கக் கறுப்பாகும்வரை மணப்பெண் முனகக்கூடாது. முனகினால் மாத்தாம் ஊரே பேசும்.

"எங்க வீட்டுப் பொண்ணு எவளும் இதுக்குப் பயந்ததில்ல," என்றாள் டாக்கோ அத்தை. "மாப்பிள்ளை வீட்டுல என்னடி சொல்றது? பொண்ணு கோழைன்னா?"

"வலிக்குப் பயமில்ல அத்தை. ஈறு வீங்கி ரத்தம் வருது. அது மேல ஊசி ஏத்த விடமாட்டேன்."

"அதுக்குத்தான்டி குத்தறதே. கறுத்த ஈறுல ரத்தம் வராது."

ரமாட்டா பாயைவிட்டு எழுந்து, நர்ஸிடம் போய் வந்ததைச் சொன்னாள். ஆறு மாதமாக ரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தில் பல்குச்சியே படாமல் விட்டிருந்தாளாம். அதனாலேயே அழுக்கு சேர்ந்து மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் பல்லடியில் கல்லாய் இறுகியிருந்ததைச் சுரண்டி எடுத்து, ரத்தம் வந்தாலும் விடாமல், மிருதுவான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் தேய்க்கச் சொல்லியிருக்கிறாள். நாலு நாளில் வீக்கம் பாதி குறைந்திருக்கிறது.

அத்தை சிரித்தாள். "நேத்து வந்த நர்ஸு. பெந்தா நாப்பது வருஷமா குத்தறா. மாப்பிள்ளை வீட்டுல இந்த வாயைப் பாத்து வேண்டாம்னுட்டா?"

"வேண்டாம்னா போகட்டும். வாய் என்னோடது."



"பெந்தா, நீயே கேளு இவளை," என்றாள் அத்தை.

பெந்தா ஊசிகளைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழுந்தவள் ரமாட்டாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கறுத்தா ரத்தம் நிக்காது டாக்கோ. ஈறு செவந்திருக்கறது வெளியில தெரியாது, அவ்வளவுதான்."

பிறகு ரமாட்டாவிடம் திரும்பினாள்.

"அந்த நர்ஸ் என்னைக்கு இருப்பாம்மா? பத்து வருஷமா நான் யாரும் பாக்காத இடமாப் போய்த்தான் ரத்தத்தைத் துப்பி வாய் கொப்பளிச்சிட்டு வரேன்."