மரியாதையான நோய்

ஆட்டுக்கால் சூப்பை மூடி எடுத்துக்கொண்டு தெய்வநாயகி மாடிப்படி ஏறினாள். மாடியில் குடியிருக்கும் சகுந்தலாவுக்கு இன்னும் எத்தனை நாளோ, அதற்குள் ருசியாக நாலு வாய் உள்ளே போகட்டுமே என்ற பரந்த மனசு.

இப்படி ஒரு வீட்டுக்காரம்மா சிங்கப்பெருமாள் கோயிலிலேயே கிடையாது என்று தெருவில் சொன்னார்கள். சொல்லாதவர்களிடம் அவளே போய்ச் சொன்னாள்.

தலையில் ஒரு முடி இல்லாமல், புருவமும் இல்லாமல், ஸ்கார்ப் கட்டிக்கொண்டு சகுந்தலா குடிவந்த அன்றே தெய்வநாயகிக்குப் புரிந்துவிட்டது. "கேன்சரு. கேக்கவே வாணாம், மூஞ்சிலயே எழுதிக் கீது" என்று தெருவுக்கு அறிவித்தாள். 2003 தண்ணீர்ப் பஞ்சத்திலும் லாரி வந்தால் முதல் குடம் சகுந்தலாவுக்குத்தான்.

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடங்களோடு சகுந்தலா ஒரே மூச்சில் மாடியேறுவாள். "சாவப்போறோம்னு தெரிஞ்சும் இன்னா தெம்பு பாரு!" என்று தெய்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"எதுக்குக்கா சிரமம்?" என்று சூப்பை வாங்கிய சகுந்தலா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அடுத்த மாதம் தெய்வநாயகிக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மருமகள் பிரதீபா, சீப்பைக் கீழே போட்டாள். பின்னந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மொழுமொழுவென்று சொட்டை.

"அத்தே, புழுவெட்டு! ஒட்டிக்கும்!"

அன்றிலிருந்து தெய்வநாயகிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு. சொந்தக் காசில் வாங்கிய சோபாவில் உட்காரப் போனால், "அத்தே, அந்தப் பிளாஸ்டிக் சேர்ல குந்துங்களேன், நல்லா காத்து வரும்" என்ற அக்கறை வேறு. பக்கத்து வீட்டுச் சியாமளா கோயில் பிரசாதத்தைக்கூட கேட்டுக்கு வெளியே நின்றே நீட்டினாள்.

தெய்வநாயகி சின்ன வெங்காயத்தை அரைத்துச் சொட்டையில் தேய்த்துப் பார்த்தாள். எரிச்சல்தான் மிச்சம். கடைசியில் முக்காடு போட்டுக்கொண்டு செங்கல்பட்டுத் தோல் டாக்டரைத் தேடிப் போனாள்.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்லம்மா" என்றார் டாக்டர். "உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே முடி வேரை எதிரின்னு நெனச்சு அடிக்குது. சத்தியமா ஒட்டாது. முடி திரும்ப வளரலாம், மறுபடி கொட்டவும் செய்யலாம். பழகிக்கணும்."

வெளியே வந்தால், பெஞ்சில் சகுந்தலா.

"நீ இன்னாம்மா தோல் டாக்டராண்ட?"

சகுந்தலா அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "உங்களுக்கும் அதானாக்கா? எனக்கு எட்டு வருஷமா இருக்கு. முடி மொத்தமா போச்சு. மத்தபடி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

தெய்வநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப கேன்சர் இல்லியா? ஏம்மா பொய் சொன்ன?"

"நான் எங்கக்கா சொன்னேன்? நீங்கதானே சொன்னீங்க."

"இல்லன்னு உண்மையச் சொல்லியிருக்கலாமில்ல?"

"முன்னாடி குடியிருந்த கேளம்பாக்கத்து வீட்ல சொன்னேன்கா. ஒட்டாதுன்னு டாக்டர் எழுதின சீட்டைக்கூட காட்டினேன். பதினஞ்சு நாள்ல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அந்த உண்மையைச் சொல்லியிருந்தால் தானும் வீடு கொடுத்திருக்க மாட்டாள் என்பது தெய்வநாயகிக்குத் தெரிந்தது. பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

வீட்டு வாசலில் பிரதீபாவும் சியாமளாவும் இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு அத்தே? புழுவெட்டுதானே?"

தெய்வநாயகி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். நேராக உள்ளே போனாள். சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, பெருமூச்சு விட்டாள்.

"நம்ம சகுந்தலாவுக்குக் கீதே, அதான் எனக்கும்."