சத்தமில்லாத பள்ளிக்கூடம்

முகம் பார்த்துத் தலைவாரும் அளவுக்குப் பளபளக்கிற தரையில் காலை ஊன்றவே பஸ் டிரைவருக்குக் கூச்சமாக இருக்கிறது. சுவரில் சிலுவை, மூலையில் மாதா சிலை, ஜன்னல் வழியே நீளமாக விழும் வெயில். மகளைக் கன்னியாஸ்திரீகளின் இந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் தொடங்கிய சண்டை வரவேற்பறை வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. "ஒரு சத்தமாவது கேக்குதா பாரு. புள்ளைங்க வாயைத் தைச்சு வச்சிருக்காங்க. நம்ம வாயாடி இங்க மூச்சு முட்டிப்போயிடுவா" என்று கிசுகிசுக்கிறார். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "இதுக்குப் பேருதாங்க ஒழுக்கம். எங்க ஆஸ்பத்திரியில கூட இந்த அமைதி கிடையாது. அவ வாய் அடங்கணும்னா இதுதான் இடம்." அங்கி சரசரக்கத் தலைமையாசிரியையான சிஸ்டர் வருகிறார். ஹாரன் சத்தத்துக்கே அசராத டிரைவர் சட்டென்று எழுந்து கைகட்டி நிற்கிறார். மனைவி முந்திக்கொள்கிறாள். "இந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, சிஸ்டர்." சிஸ்டர் சங்கடமாகச் சிரிக்கிறார். "பிள்ளைங்க எல்லாரும் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருக்காங்கம்மா. நாளைக்கு வந்து பாருங்க, நாம பேசுறது நமக்கே கேக்காது." மனைவி கைப்பையைக் காரணமில்லாமல் திறந்து மூடுகிறாள். டிரைவர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு, அறையே அதிரும் குரலில் கேட்கிறார்: "எப்ப கொண்டுவந்து சேர்க்கலாம், சிஸ்டர்?"