பாதி நாய்

புத்தகங்கள் சாயாமல் தலைப்பாதி ஒரு பக்கமும் வால்பாதி மறுபக்கமும் முட்டுக் கொடுக்கும் மர நாய் அது. அந்தப் பழைய பொருள் கடையில் இருந்தது முன்பாதி மட்டும்தான். மூன்று வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி அவள் தேடியதும் அதைத்தான். அவள் நாயின் தலையைப் பிடித்த அதே நொடியில் இன்னொருத்தி அதன் கழுத்தைப் பிடித்தாள்.

"விடுங்க அக்கா, நான்தான் முதல்ல பார்த்தேன்."

"யாருக்கு யாரு அக்கா?"

"ஒரு மரியாதைக்குக் கூப்பிடுறாங்க, அதுக்கு ஏம்மா கோபம்?" என்றார் கடைக்காரர். "வாலே இல்லாத நாய்க்கா இவ்வளவு சண்டை?"

"வால் எங்கிட்ட இருக்கு" என்றாள் இவள்.

"இது என் வீட்டுப் பொருள்ங்க" என்று கடைக்காரரிடம் பொரிந்தாள் மற்றவள். "என் வீட்டுக்காரர் தெரியாம நேத்து இங்க போட்டுட்டார். தெரிஞ்சதும் ஓடி வர்றேன்."

நேற்று! இவளுக்குள் இத்தனை நாள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது.

"அம்மா வீட்டைப் பாகம் பிரிச்ச அன்னிக்கே பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்னு சொன்னே?"

கடைக்காரர் விழித்தார். "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"மரியாதைக்குக் கூப்பிடலைங்க. கூடப் பிறந்த அக்கா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடியை மட்டும் விடவில்லை.

"தலை என் வீட்டுக்குத்தான் வரும். வேணும்னா ஞாயித்துக்கிழமை வாலைத் தூக்கிட்டு நீ வா."

தலை கிடைக்காமலே ஜெயித்த தங்கை சிரித்துக்கொண்டே கையை எடுத்தாள்.