அளவான ஹெல்மெட்

வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில் வேலாண்டியிடம் ஏஜென்ட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை நீட்டினார். முன்னால் வந்தவர்களுக்கு அது இறுகியது, இல்லாவிட்டால் தொளதொளத்தது. இவன் தலையில் அச்சாக உட்கார்ந்தது.

"வேலை ஒனக்குத்தான் தம்பி. நாளைக்கே கெளம்பிரு."

வேலாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி உயிரைக் காக்கப்போவது இதுதானே என்று, காலையில் மனைவி செல்லக்கனி சட்டைப்பையில் வைத்துவிட்ட திருநீற்றுப் பொட்டலத்தை ஹெல்மெட்டின் உள்வாரில் செருகப் போனான். விரலில் ஏதோ தட்டியது. காலண்டர் தாளில் மடித்த திருநீறு. அதன் பின்னால் இன்னொரு பொட்டலம். அதற்கும் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு கை மடித்தது.

"அண்ணே, இதெல்லாம் யாரோடது?"

ஏஜென்ட் நிமிரவில்லை.

"கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரு தம்பி. ஒன்னோடதுக்கும் எடம் இருக்கும்."